காட்டோரத்தில் கரடி இருக்கிறது, கவனம்!

நம் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகங்களில் ஒரு கதை வரும். இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். எதிரே கரடி. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான். மற்றவன் மூச்சை அடக்கிப் பிணம்போல் படுத்துக்கொள்கிறான். கரடி வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. நட்பைப் பற்றிச் சொல்ல நல்ல கதைதான். நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆனால் அந்த இருவரும் பகாங்கிலோ பேராக்கிலோ உள்ள காட்டில் நடந்திருந்தால், மரத்தில் ஏறியவன் தப்பித்திருப்பான் என்று சொல்வதற்கில்லை. நம் நாட்டுக் கரடிக்கு மரம் ஏறுவதுதான் பிழைப்பே.

இதை எதற்காகச் சொல்லுகிறேன் என்றால், வாசகர்களே, காட்டை ஒட்டிய தோட்டங்களில் இன்றும் வேட்டைக்குப் போகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. சனிக்கிழமை இரவு நான்கைந்து பேர் சேர்ந்து பன்றி தேடிப் போவார்கள். திங்கட்கிழமை காலையில் வகுப்பில் பிள்ளைகள் அந்தக் கதைகளைத்தான் பேசிக்கொண்டிருக்கும். பன்றியைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் பேசுகிற அளவுக்குக் கரடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "இங்கே ஏது கரடி?" என்று கேட்பவர்களே அதிகம்.

இருக்கிறது. சூரியக் கரடி என்பார்கள். மலாய்க்காரர்கள் பெருவாங் மாத்தாஹாரி என்பார்கள். மார்பில் இளமஞ்சள் நிறத்தில் பிறைபோல ஓர் அடையாளம் இருப்பதால் அந்தப் பெயர். உலகத்தில் உள்ள கரடி இனங்களில் இதுதான் ஆகச் சிறியது. எடை 25 கிலோவிலிருந்து 65 கிலோ வரை இருக்கும். நான்கு காலில் நின்றால் நம் இடுப்புக்குக் கூட வராது. நம் தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த கதைகளில் வரும் சடைமுடிக் கரடி வேறு இனம்; இதற்கு முடி குட்டையாக, வழவழப்பாக இருக்கும்.

சின்னதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். மரத்தைப் பிளந்து கொசுத்தேனீக் கூட்டை எடுக்கவும், கறையான் புற்றை உடைக்கவும் ஏற்ற நகங்கள் அதற்கு உண்டு. நீளம் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். தாடையும் கோரைப் பற்களும் அதன் உடம்புக்கு மீறிய பலம் கொண்டவை. கழுத்துத் தோல் தொளதொள என்று இருப்பதால், பின்னாலிருந்து அதைப் பிடித்தாலும் தோலுக்குள்ளேயே உடம்பைத் திருப்பிக் கடித்துவிடும்.

ஆனால் ஒன்று: இந்தக் கரடி மனிதனைத் தேடி வருவதில்லை. அதன் தீனி பழம், தேன், கறையான், வண்டுப்புழு. மனித வாடை வந்தால் விலகிப் போவதுதான் அதன் சுபாவம். பின் எப்படி ஆபத்து வருகிறது? திடீரென்று பக்கத்தில் ஆளைக் கண்டு அது பயந்துபோகும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. அதற்குக் கண்பார்வை அவ்வளவு கூர்மையில்லை, மூக்குத்தான் கூர்மை. கறையான் புற்றுக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது நாம் வருவது அதற்குத் தெரியாது. பத்தடி தூரத்தில் நிமிர்ந்து பார்க்கும். ஓட வழியில்லை என்று தோன்றினால் பாயும்.

இப்போது வேட்டைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் எப்படி நடக்கிறார்? காற்றுக்கு எதிர்த்திசையில் நடக்கிறார், தன் வாடை மிருகத்துக்குப் போகக்கூடாது என்று. பேசுவதில்லை. காய்ந்த இலைமேல் கால் வைப்பதில்லை. அந்தி நேரத்தில் புதர் ஓரமாகவே ஒதுங்கிப் போகிறார். கரடியைத் திடுக்கிட வைக்க இதைவிடச் சிறந்த வழி வேறு கிடையாது! வேட்டையில் எதைத் திறமை என்கிறோமோ, அதுவே கரடி விஷயத்தில் ஆளுக்கு வினையாகிறது. காய்கறிக்கும் கீரைக்கும் பேசிக்கொண்டே போகிற பெண்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

ஆகவே உரிமத்தோடு முறையாகப் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். காத்திருக்கும் இடத்தில் மட்டும் மௌனம். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் பேச்சும் சத்தமும் இருக்கட்டும். பராங்குக் கத்தியின் பின்பக்கத்தால் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டலாம். அடர்ந்த புதர், பாதை வளையும் இடம், தண்ணீர் சத்தம் கேட்கிற ஆற்றோரம், இந்த மூன்று இடங்களிலும் கட்டாயம் சத்தம் வேண்டும். ஆற்றின் இரைச்சலில் நம் காலடி ஓசை கரடிக்கு எட்டாது.

கண்ணும் வேலை செய்யவேண்டும். மரப்பட்டையில் ஆழமான நகக்கீறல்கள் மேலே ஏறிப்போகின்றனவா? பட்டுப்போன மரம் சிதறிக் கிடக்கிறதா? புற்று புதிதாக உடைந்து, கறையான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் கரடி தூரத்தில் இல்லை. வந்த வழியே திரும்பிவிடுங்கள். பன்றி நாளைக்கும் கிடைக்கும். தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். சூரியக் கரடி கிளைகளை வளைத்து மேடைபோல் அமைத்து மரத்திலேயே தூங்குவதும் உண்டு.

செம்பனைத் தோட்டத்துக்குள் வராது என்றும் எண்ணவேண்டாம். காட்டை ஒட்டிய செம்பனைக்குள் இரவில் வந்து பழம் தின்றுவிட்டுப் போவதைச் சபாவில் ஆராய்ச்சி செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் பகலில் திரிகிற இந்த மிருகம், மனிதர் இருக்கும் பக்கம் வந்தால் இரவு நேரத்துக்கு மாறிக்கொள்கிறது. குளிர்நாட்டுக் கரடிபோல் மாதக்கணக்கில் தூங்குவதும் இல்லை; குட்டி போடுவதற்கும் குறிப்பிட்ட பருவம் இல்லை. ஆகையால் குட்டியோடு நிற்கும் தாய்க்கரடியை ஆண்டின் எந்த மாதத்திலும் எதிர்ப்பட நேரலாம்.

நாய்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நாய் இருந்தால் தைரியம் என்பது நம்மவர்களின் எண்ணம். பன்றிக்கு அது சரியாக இருக்கலாம். நாய் கரடியைக் கண்டு குரைக்கும், சீண்டும். கரடி திருப்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடிவரும்? எசமானிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே கரடியையும் கூட்டிக்கொண்டு. புதருக்குள் நாய்கள் எதையோ வளைத்துக்கொண்டு குரைத்தால், பன்றிதான் என்று முடிவுகட்டிக் குனிந்து நுழைவது புத்தியல்ல. டார்ச் லைட் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்ததையெல்லாம் சுடுவதும் அப்படியே. கரடியும் கறுப்பு. இருட்டில் குந்தியிருக்கும் மனிதனும் கறுப்பாகத்தான் தெரிவான். சன்னம் பட்டு அரைகுறையாகக் காயப்பட்ட கரடி, சும்மா இருந்த கரடியைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

எல்லாவற்றிலும் மோசமானது கம்பிக் கண்ணி. இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டுப் பன்றித் தடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் கம்பிக்குப் பன்றி எது, கரடி எது என்று தெரியாது. கரடியின் கால் மாட்டினால் அது இரவு முழுவதும் இழுக்கும். கம்பி சதையை அறுத்துக்கொண்டு எலும்புவரை போகும். சுற்றியிருக்கும் செடிகொடியெல்லாம் துவம்சமாகிவிடும். பாதம் அறுந்துபோய் மூன்று காலில் நடக்கும் கரடிகளும் இருக்கின்றன. விடியற்காலையில், பன்றி விழுந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு நம் ஆள் பராங்குக் கத்தியுடன் தனியாகப் போகிறார். வலியில் வெறிபிடித்து நிற்கும் மிருகத்தின் முன்னால் போய் நிற்கிறார். அந்த நேரம் கம்பி அறுந்தால், முளை பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

மாட்டிய கரடியைப் பார்த்துவிட்டால் விடுவிக்க முயல வேண்டாம். படம் பிடிக்கக் கிட்டே போகவும் வேண்டாம். மயக்க ஊசி இல்லாமல் யாராலும் அதை விடுவிக்க முடியாது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்கா துறைக்கு உடனே சொல்லவேண்டும். சபா, சரவாக்கில் அங்குள்ள வனவிலங்கு அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டும். "கண்ணி வைத்தது யார் என்று கேட்பார்களே!" என்ற பயத்தில் பலர் வாய்திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான், கண்ணி வைப்பதே குற்றம். ஆனால் அதே பாதையில் மறுநாள் விறகு பொறுக்கவும் கீரை பறிக்கவும் வருவது பக்கத்து வீட்டு அக்காவும் பிள்ளைகளுமாக இருக்கலாம்.

சரி, எதிரே பார்த்துவிட்டால்?

தூரத்தில் இருக்கிறது, உங்களைப் பார்க்கவில்லை என்றால் அரவமில்லாமல் பின்வாங்குங்கள். பார்த்துவிட்டது என்றால் ஓடக்கூடாது. ஓடினால் துரத்தும்; அதன் ஓட்டத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. மரம் ஏறக்கூடாது, காரணம் முன்பே சொன்னேன். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசியபடி, அடிமேல் அடியாகப் பின்னால் நகருங்கள். அது போவதற்கு ஒரு பக்கம் வழிவிட்டு நகர வேண்டும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்கவே கூடாது. பின்னங்காலில் எழுந்து நின்றால் பாயப்போகிறது என்று அலறாதீர்கள். பெரும்பாலும் வாடை பிடிக்கத்தான் அப்படி நிற்கும். நாய் குரைப்பதுபோல் உறுமிக்கொண்டு ஓடிவந்து பாதியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அந்த இரண்டு நொடி அசையாமல் நிற்பது லேசான காரியமல்ல, ஆனாலும் நிற்கத்தான் வேண்டும்.

மேலே விழுந்தே விட்டால், கதையில் வருபவன்போல் மல்லாந்து படுக்கக்கூடாது. கரடி தாக்கினால் முகத்துக்கும் தலைக்கும்தான் பெரிய சேதம். குப்புற விழுந்து முகத்தை மண்ணோடு வைத்து, இரண்டு கைவிரல்களையும் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். முதுகுப்பை இருந்தால் கழற்றாதீர்கள். இனி இவனால் ஆபத்தில்லை என்று தோன்றினால் பெரும்பாலும் அது விட்டுப் போய்விடும். போன உடனே எழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கவேண்டும். விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால்தான் கையில் கிடைத்ததைக் கொண்டு மூக்கிலும் முகத்திலும் அடித்துப் போராட வேண்டும்.

காயத்துக்கு மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துக் கட்டாதீர்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் கட்டுக்குள் இருந்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவலாம். சிறு கடியாக இருந்தாலும் டாக்டர் பார்க்கவேண்டும். டெட்டனஸ் ஊசியோ, வெறிநாய்க்கடி ஊசியோ தேவையா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டுக்காரர் கிளம்பும்போது எந்தப் பக்கம், யார் யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். "போகும்போது எங்கே என்று கேட்காதே" என்று அவர் சிடுசிடுக்கலாம், சிடுசிடுக்கட்டும். காட்டுக்குள் கைத்தொலைபேசி பல இடங்களில் வேலை செய்யாது. சொன்ன நேரம் தாண்டிவிட்டால் 999க்கும் தோட்டத்து அலுவலகத்துக்கும் சொல்ல அந்தத் தாள் ஒன்றே போதும். பன்றிக் குடலை லயத்துப் பின்பக்கம் எறிவதையும் நிறுத்துங்கள். அந்த வாடைக்கு எது எது வரும் என்று சொல்ல முடியாது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சூரியக் கரடி முழுப் பாதுகாப்புப் பெற்ற பிராணி. அதைக் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. அதன் உறுப்புகளை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 2022இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை மேலும் கடுமையாக்கிவிட்டார்கள். சபாவிலும் இதற்கு முழுப் பாதுகாப்பு உண்டு. சம்பாதிக்கிறவர் சிறைக்குப் போனால் அடுத்த மாதம் அடுப்பு எரிவது எப்படி?

கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் பிள்ளைகள் இரவில் பயந்து அலறாது என்பது நம்மவர்களின் நெடுநாள் நம்பிக்கை. கரடி நகத்தையும் வெள்ளியில் பூண்போட்டுக் கழுத்தில் மாட்டுவார்கள். பிள்ளை அலறுவது பெரும்பாலும் வயிற்றுப் பூச்சியாலோ காய்ச்சலாலோ இருக்கும் என்பது என் அபிப்பிராயம். முதலில் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கரடிப் பித்தத்துக்காக நல்ல பணம் தருவதாகச் சொல்லிக்கொண்டு வெளியாட்கள் வரலாம். அந்தப் பித்தத்தில் உள்ள மருந்துப் பொருளைத் தொழிற்சாலையிலேயே தயாரித்து மாத்திரையாக விற்கிறார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும்.

குட்டி கிடைத்தால் வளர்க்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 2019இல் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரு குட்டி சன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தியது நாடெங்கும் செய்தியானது. வைத்திருந்தவர் மேல் நடவடிக்கை பாய்ந்தது. தோட்டத்தில் தனியாகக் குட்டியைப் பார்த்தால் தாய் பக்கத்திலேயே இருக்கும் என்று எண்ணி உடனே விலகிவிட வேண்டும்.

சூரியக் கரடியைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சபாவில் சண்டாக்கான் பக்கம் செபிலோக் என்ற இடத்தில் வசதி இருக்கிறது. தாயை இழந்தவை, கூண்டில் அடைபட்டுக் கிடந்தவை என்று மீட்கப்பட்ட கரடிகளை 2008 முதல் அங்கே ஒரு மையத்தில் பராமரிக்கிறார்கள். 2014இலிருந்து பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். உயரமான பலகைப் பாதையில் நின்றபடியே, கீழே அவை புற்றைத் தோண்டுவதையும் மரமேறுவதையும் காணலாம். ஓராங் ஊத்தான் மையமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.