பேரம் படியாத தீவுகள்

வனுவாட்டு போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே பேரம் கிடையாது. சொன்ன விலைதான். டிப்ஸும் பழக்கமில்லை. எங்கள் ஊர் வடசேரிச் சந்தையில் கீரைக்கட்டுக்குக்கூட விலை குறைத்துக் கேட்டே வளர்ந்தவள் நான். என் தம்பி நேர்மாறு. கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். இருவருக்கும் பொதுவாக ஒரு கணக்கு நோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினோம். நோட்டு என் கையில், பை அவன் முதுகில்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, ஃபிஜிக்கு மேற்கே, பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் எண்பதுக்கு மேற்பட்ட தீவுகள்தான் வனுவாட்டு. மொத்த ஜனம் 3 லட்சம். எங்கள் குமரி மாவட்டத்தில் இருப்பவர்களில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் தீவுக்குத் தீவு, கிராமத்துக்குக் கிராமம் பேச்சு மாறும். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள். எல்லோருக்கும் பொதுவாக பிஸ்லாமா. ஆங்கிலச் சொற்களை உடைத்துத் தங்கள் இலக்கணத்தில் போட்டுக் காய்ச்சிய மொழி. தம்பிக்கு இரண்டு நாளில் வாய்க்கு வந்துவிட்டது. எனக்கு ‘டாங்கியு டுமாஸ்’ என்ற நன்றியோடு நின்றது.

போய்ச் சேர்வதுதான் பெரிய செலவு. சிங்கப்பூர் வழியாக ஃபிஜியின் நாந்தி, அங்கிருந்து தலைநகர் போர்ட் விலா. எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் விமானத்துக்கே போயிற்று. இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இந்த விதிகள் மாறுகிறவை, டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டும், தங்குமிடம் பதிவு செய்த தாளும் கையில் இருக்கட்டும். நாந்தியில் ஒரு இரவு தங்க நேர்ந்தால் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போய் வாருங்கள். கோபுரமும் வண்ணச் சுதையுமாக நம்மூர்க் கோயிலேதான். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன கூலிகளின் வாரிசுகள் கட்டிக் காப்பது. தம்பி பிரகாரத்தை மூன்று சுற்று வந்தான். அதில் இரண்டு நிழலுக்காக.

போர்ட் விலாவில் பஸ் என்றால் வேன். நம்பர் பலகையில் ‘பி’ எழுத்து இருந்தால் அது பஸ். அதற்கென்று தனி வழித்தடம் இல்லை. கையைக் காட்டி ஏறி, போகிற இடத்தைச் சொல்ல வேண்டும். டிரைவர் உள்ளே இருக்கிற எல்லோருடைய ஊரையும் மனதில் அடுக்கி, தனக்குத் தோன்றிய வரிசையில் இறக்கிவிடுவார். ஐந்து நிமிடத்திலும் போய்ச் சேரலாம், ஊரையே ஒரு சுற்று சுற்றியும் போய்ச் சேரலாம், காசு ஒன்றுதான். டாக்ஸியில் போகும் பணத்தை இதில் மிச்சம் பிடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிடும்.

சாப்பாட்டுக்கு ஊர் நடுவே சந்தை. அந்த நாட்டுப் பணம் வாட்டு, 100 வாட்டு நம் காசுக்கு சுமார் 70 ரூபாய். சந்தையின் ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக அடுப்பு போட்டிருக்கிறார்கள். மீனும் சோறும் கிழங்குமாக ஒரு தட்டு வாங்கினால் நான் பாதிக்கு மேல் தம்பியிடம் தள்ளிவிடுவேன். மறு பக்கம் சேம்பு, காச்சில், மரச்சீனி, வாழைத்தார், பப்பாளி. எல்லாம் பின்னிய ஓலைக்கூடையில் கட்டி, ஒரே விலை எழுதி வைத்தபடி. 2018-இலேயே பிளாஸ்டிக் பையைத் தடை செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தை இல்லை, ஊரே சர்ச்சுக்குப் போய்விடும். சனிக்கிழமை காலையிலேயே பழமும் ரொட்டியும் வாங்கி வைக்காவிட்டால் பட்டினிதான்.

இனி அந்த நாட்டில் கையைக் கடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அருவிக்குப் போனால் 500, 1000 வாட்டு என்று கட்டணம். நீலக் குளத்துக்குக் கட்டணம். கடற்கரைக்குக் கட்டணம். மரத்தடியில் ஒரு பாட்டியம்மா பழைய நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அதில் பெயர் எழுதிக் காசைக் கொடுக்க வேண்டும். “கடலப் பாக்கதுக்கும் டிக்கெட்டா எக்கா?” என்று தம்பியே கேட்டுவிட்டான். “மிண்டாம குடுல” என்றேன். அன்றைக்கு நான்தான் அவனைப் பணம் கொடுக்கச் சொன்னேன் என்பதை நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டான்.

காரணம் இருக்கிறது. 1906 முதல் இந்தத் தீவுகளை பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டன. இரண்டு போலீஸ், இரண்டு சிறை, இரண்டு சட்டம். உள்ளூர்க்காரன் இரண்டு நாட்டுக்கும் குடிமகன் இல்லை. நல்ல நிலமெல்லாம் வெள்ளைக்காரத் தென்னந்தோப்பு. சுதந்திரப் போராட்டமே பெரிதும் நிலத்துக்கான போராட்டம்தான். 1980 ஜூலை 30 அன்று விடுதலை கிடைத்தபோது, வால்டர் லினி என்ற பாதிரியார் முதல் பிரதமரானார். நாட்டின் நிலம் முழுவதும் வழிவழியாக அதை ஆண்டு அனுபவித்த மக்களுக்கும் அவர்கள் சந்ததிக்குமே சொந்தம் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் குத்தகைக்கு எடுக்கலாம், வாங்க முடியாது. அதனால் அருவிக்கும் ஆள் உண்டு, மணலுக்கும் ஆள் உண்டு. மரத்தடிப் பாட்டி டிக்கெட் கொடுக்கிற ஊழியர் இல்லை, முதலாளி. இது புரிந்தபிறகு எனக்கு அந்தக் காசு உறுத்தவில்லை. நம் ஊரில் அருவிக்கரையில் பார்க்கிங் ஏலம் எடுத்தவருக்குக் கொடுப்பதைவிட இது மேல். ஆனால் பட்ஜெட் போடும்போது ‘இயற்கை இலவசம்’ என்று எழுதிவிடாதீர்கள். தினம் ஒரே ஒரு இடம், முழு நாளும் அங்கேயே என்று வைத்துக்கொண்டோம். கட்டணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

தீவு விட்டுத் தீவு போவது இன்னொரு செலவு. உள்நாட்டு விமானம் சிறியது, நேரம் மாறும். வெளிநாட்டு விமானத்துக்கு முந்தின நாள் தீவிலிருந்து திரும்புகிற மாதிரி திட்டம் போடாதீர்கள், இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். சரக்குக் கப்பலில் ஏறிப் போகலாம், மலிவு. எப்போது புறப்படும் என்று கேட்டால் ‘சரக்கு ஏறியதும்’ என்பார்கள். லீவு கையளவே இருந்ததால் தெற்கே தன்னா தீவுக்கு விமானத்தில் போனோம்.

தன்னாவில் யாசுர் எரிமலை இருக்கிறது. உயரம் 361 மீட்டர்தான். ஆனால் நூற்றாண்டுகளாக ஓயாமல் பொங்குகிறது. 1774-இல் கேப்டன் குக் அதன் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இந்தத் தீவுக்கு வந்து நங்கூரம் போட்டார். மலைக்குப் போக முயன்றவரை ஊர்க்காரர்கள் போகவிடவில்லை. இப்போது விடுகிறார்கள், தலைக்கு 9000 வாட்டுக்கு மேல் வாங்கிக்கொண்டு. விமான டிக்கெட்டுகளை விட்டால், பயணத்தில் நாங்கள் செலவழித்த மிகப் பெரிய ஒற்றைத் தொகை இது. ஒரு பைசா குறைக்கவில்லை, குறைக்கத் தோன்றவுமில்லை. அபாய அளவை 0 முதல் 5 வரை அரசுத் துறை அறிவிக்கும். கூடினால் பாதை மூடப்படும். ஜீப் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை போகிறது. அந்தி வேளையில் ஹெல்மெட் மாட்டி ஏறினோம். காலடித் தரை முதலில் அதிர்கிறது, பிறகுதான் சத்தம் கேட்கிறது, பிறகு சிவந்த கற்கள் மேலே எழும்பி நிதானமாக விழுகின்றன. பல்லில் சாம்பல் நறநறத்தது. தம்பி என் கையைப் பிடித்திருந்தான். கேட்டால் நான்தான் அவன் கையைப் பிடித்தேன் என்பான்.

எரிமலைக்கு அருகே ஒரு குடும்பம் நடத்தும் ஓலைக்குடிசையில் தங்கினோம். சோலார் பல்பு ஒன்று, இரண்டு கட்டில், கொசுவலை. 2015 மார்ச்சில் பாம் புயல் இந்தத் தீவை அப்படியே வழித்துப் போட்ட பிறகு எழுப்பியது. ஓலையும் மூங்கிலும் காட்டிலேயே இருப்பதால் திரும்பக் கட்டச் சீக்கிரம் ஆகிறதாம். மே முதல் அக்டோபர் வரை புயல் அரிதான காலம். அப்போது போங்கள், இரவுக் குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு. அந்தப் பக்கம் ஏடிஎம் கிடையாது, பணம் கையில் இருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் தம்பி ஊர் ஆண்களோடு ஆலமரத்தடியில் அவர்கள் கூடும் நகமாலுக்குப் போனான், கவா வேரைக் கரைத்துக் குடிக்க. தன்னாவில் அந்த நேரம் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. நான் வீட்டம்மாவோடு லப்லப் என்ற ஊர்ச் சாப்பாடு செய்ய உட்கார்ந்தேன். ஆணி அடித்துத் துளையிட்ட தகரத்தில் மரச்சீனியைக் கூழாகத் தேய்த்தார். என்னிடம் தேங்காயைக் கொடுத்தார். மணைமேல் உட்கார்ந்து துருவுகிற திருவலை, என் அம்மாச்சி வீட்டில் இருந்த அதே உருவம். வாட்டிய வாழையிலையில் கூழைப் பரப்பி, மேலே கீரையும் கோழித்துண்டும் வைத்து, பாலைப் பிழிந்து ஊற்றி மடித்தார். அடுப்பில் பழுத்த கற்களைப் பிளந்த மூங்கிலால் இடுக்கி எடுத்து, கீழே பாதி, மேலே பாதி அடுக்கி, இலைபோட்டு மூடினார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிரித்தபோது விளிம்பெல்லாம் முறுகி, நடுவில் பால் ஊறி நின்றது. தேங்காய் துருவியதற்குத் தள்ளுபடி ஒன்றுமில்லை. மறுநாள் பில்லில் லப்லப்புக்குக் காசு போட்டிருந்தார். சரிதானே, தள்ளுபடி கேட்டா துருவினேன்?

தம்பி இருட்டிய பிறகு, நாக்கு மரத்து, யாரோடும் பேசாமல் வந்து படுத்துக்கொண்டான். கவா அப்படித்தான் ஆளை அமுக்கும்.

சண்டை விலாவுக்குத் திரும்பியதும் வந்தது. நகமாலுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவன் வாங்கிப்போன கவா வேர்க்கட்டைப் பொதுச் செலவில் எழுதச் சொன்னான். எனக்கு அனுமதியே இல்லாத இடத்துக்கு நான் ஏன் பாதி கொடுக்க வேண்டும் என்றேன். “எக்கா, அது நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள மரியாதை” என்றான். விலாவில் பெண்களும் குடிக்கலாம். அன்று மாலை ஒரு கவாக்கடைக்குப் போய், ஆளுக்கொரு சிரட்டை வாங்கி ஒரே மூச்சில் இறக்கினோம். சேறும் மிளகும் கலந்த ருசி, உடனே வாய் மரத்துப்போயிற்று. மேற்கொண்டு வாதாட இருவருக்கும் நாக்கு புரளவில்லை. இரண்டு சிரட்டையையும் பொதுச் செலவில் எழுதினேன். வேர்க்கட்டு அவன் கணக்கில்தான் இருக்கிறது.