"கார் கொள்ளிடத்துக்குள்ள போவுதுடா!" - பழைய நேவிகேட்டருக்குப் புது மேப் ஏற்றிய கதை

கடந்த தீபாவளிக்கு, சென்னையிலிருந்து பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெரியப்பாவின் காரில் கிளம்பினோம். காருக்கு வயது பதினைந்து. டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் நேவிகேட்டருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். சேத்தியாத்தோப்பு தாண்டும்வரை அது ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டு வந்தது. புது நான்குவழிச் சாலையில் ஏறியதும் ஆரம்பித்தது கூத்து. 'யூ டர்ன் எடுக்கவும்' என்று நிமிடத்துக்கு ஒருமுறை கெஞ்சியது. திரையில் சாலையே இல்லை. எங்கள் கார், பச்சை வயலுக்கு நடுவே தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

கொள்ளிடம் வந்தது. ஒரு கிலோமீட்டர் நீளப் பாலத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. திரையிலோ நீல நிறத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. முன் சீட்டில் இருந்த அப்பாயி பதறிவிட்டார். "ஏண்டா தம்பி, கார் கொள்ளிடத்துக்குள்ளல்ல போவுது!"

காரில் எல்லோரும் சிரித்தோம். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "லீவு முடியறதுக்குள்ள இதுக்கு மேப் மாத்திக் குடுங்கடா" என்றார்.

போன் இருக்கும்போது இது எதுக்கு?

நானும் அதைத்தான் கேட்டேன். பெரியப்பாவிடம் பதில் தயாராக இருந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. கரன்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. மூன்றாம் நாள் பெரியப்பா தன் காரில் அரிசி, மெழுகுவத்தி, குடிதண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போனார். கூட வந்தவர்களின் போனில் மேப் வெறும் சாம்பல் கட்டமாக நின்றுபோனது. வழிகாட்டிப் பலகைகளும் விழுந்து கிடந்தன. "அன்னைக்கு இந்தப் பொட்டிதான் பேசிச்சு" என்பார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நேவிகேட்டருக்கு இன்டர்நெட் தேவையில்லை. ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை வாங்கி, தான் இருக்கும் இடத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. மேப் முழுவதும் அதன் மெமரிக்குள்ளேயே இருக்கிறது. போனிலும் ஜி.பி.எஸ் உண்டு. ஆனால், மேப்பை முன்கூட்டியே இறக்கி வைக்கவில்லை என்றால், டவர் போனதும் அது கையை விரித்துவிடும்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலி, பிரசவ வலி என்றால் முதலில் தட்டுவது பெரியப்பா வீட்டுக் கதவைத்தான். அந்த நேரத்தில் வழி தப்பக்கூடாது என்பதுதான் அவர் கவலை.

டெல்டாவில் மேப் பழசானால் என்ன ஆகும்?

மற்ற ஊர்களில் ஒரு தெரு தப்பினால் அடுத்த தெருவில் திரும்பிக்கொள்ளலாம். இங்கே அப்படி முடியாது. திருவையாற்றைச் சுற்றி மட்டும் காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகள். அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்குக் கணக்கே இல்லை. எதிர்க்கரையில் மாமா வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும். ஆனால், பாலம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். டெல்டாவில் வழி தெரிவது என்றால் பாலம் தெரிவதுதான்.

அந்தப் பாலங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்னையிலிருந்து கும்பகோணம் வருபவர்கள் பல தலைமுறையாகக் கொள்ளிடத்தைக் கடந்தது அணைக்கரையில். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அது. இப்போது தேசிய நெடுஞ்சாலை 36-ல் சேத்தியாத்தோப்பு - சோழபுரம் இடையே 50 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையும், கொள்ளிடத்தில் ஒரு கிலோமீட்டர் பாலமும் வந்துவிட்டன. 2025 ஜூலை 26-ம் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் இதைத் திறந்துவைத்தார். அதற்கு முந்தைய மேப் வைத்திருக்கும் எல்லோருடைய காரும், அப்பாயி பார்த்ததுபோல ஆற்றில்தான் இறங்கும்!

சாலை எண்களும் மாறிவிட்டன. 2010-ல் நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். திருச்சி - தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலை 67-ஆக இருந்தது, இப்போது 83. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலை 45சி-யாக இருந்தது, இப்போது 36. பெட்டி 67 என்கிறது, சாலையோரப் பலகை 83 என்கிறது. எதை நம்புவது? மாவட்டமும் அப்படித்தான். மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டம் ஆனது. பழைய கருவியில் அதை நாகப்பட்டினத்துக்குள் தேட வேண்டும்.

'இடம் போதவில்லை'

தீபாவளிக்கு மறுநாள் நானும், கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தோம். கேபிளைச் செருகினோம். அப்டேட் இருக்கிறது என்று காட்டியது. பெரியப்பா முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே இன்னொரு செய்தி: 'மெமரியில் போதுமான இடம் இல்லை.'

பழைய நேவிகேட்டர்களில் உள் மெமரி 2 ஜி.பி அல்லது 4 ஜி.பி-தான் இருக்கும். வாங்கிய காலத்தில் அது தாராளம். பிறகு சாலைகள் பெருகின, பெட்ரோல் பங்க், ஹோட்டல், கோயில் என்று மேப்பில் சேர்த்துக்கொண்டே போனார்கள். மேப் வளர்ந்தது, பெட்டி வளரவில்லை. அதற்காகப் புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. நாங்கள் செய்ததையும், செய்து பட்டதையும் சொல்கிறேன்.

1. முதலில் பேக்கப். கருவியில் இருக்கும் எல்லா ஃபைல்களையும் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்துவிடுங்கள். ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்காவது திரும்பலாம்.

2. குப்பையை அகற்றுங்கள். எங்கள் பெட்டிக்குள் பல நாட்டு மொழிகளில் வழி சொல்லும் குரல்கள் இருந்தன. தேவையான ஒரு குரலை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினோம். விதவிதமான கார் படங்கள், உதவிக் குறிப்புகளின் பிறமொழிப் பதிப்புகள் இவற்றையும் நீக்கலாம். என்னவென்று தெரியாத ஃபைலில் மட்டும் கை வைக்காதீர்கள்.

3. ஊரை அளந்து எடுங்கள். காஷ்மீர் மேப் பெரியப்பாவுக்கு எதற்கு? கார்மின் கருவிகளுக்கான 'கார்மின் எக்ஸ்பிரஸ்' போன்ற சாஃப்ட்வேர்கள், இடம் போதாதபோது முழு மேப்புக்குப் பதில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றவோ, மெமரி கார்டில் ஏற்றவோ வழி தருகின்றன. இன்னொரு வழி, 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த இலவச வரைபடத்தை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். தேவையான பகுதியைக் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தால், பழைய கார்மின் வகைக் கருவிகளுக்குப் பொருந்தும் ஃபைலாக மாற்றித் தரும் இணையதளங்கள் உண்டு. நாங்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை டெல்டாவுக்கு ஒரு கட்டமும், சென்னை வழிக்கு ஒரு கட்டமும் போட்டோம். ஃபைல் சின்னதாகிவிட்டது.

4. பெரிய கார்டு வாங்கி ஏமாறாதீர்கள். நான் தஞ்சாவூர் போய் 64 ஜி.பி கார்டு வாங்கி வந்தேன். பெட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிகப் பழைய கருவிகள் 2 ஜி.பி வரையிலான சாதாரண எஸ்.டி கார்டை மட்டும் படிக்கும். அதற்கடுத்து வந்தவை 32 ஜி.பி வரையிலான எஸ்.டி.ஹெச்.சி கார்டைப் படிக்கும். அதற்கு மேற்பட்ட கார்டுகள் வேறு முறையில் ஃபார்மட் செய்யப்பட்டு வருவதால் இவற்றுக்குப் புரியாது. கார்டு 'ஃபேட் 32' ஃபார்மட்டில் இருக்க வேண்டும். அதில் ஒரே ஃபைல் 4 ஜி.பி-யைத் தாண்டக்கூடாது. கடைசியில் கைகொடுத்தது, அப்பாயியின் பழைய பட்டன் போனில் பாட்டு ஏற்றி வைத்திருந்த 8 ஜி.பி கார்டுதான்! (பாட்டுகளை வேறு கார்டுக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் தந்தார்.)

5. பாதியில் கேபிளை உருவாதீர்கள். பழைய கருவிகளின் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். கரன்ட் போகும் நேரத்தில் அப்டேட்டை ஆரம்பிக்க வேண்டாம்.

6. காரோடு வந்த மேப் கார்டா? ஜாக்கிரதை. சில கார்களில் கம்பெனியே பொருத்திய திரைக்கு மேப் ஒரு எஸ்.டி கார்டில் வரும். அந்தக் கார்டுக்கு மட்டுமே பூட்டு போட்டது மாதிரியான ஏற்பாடு அது. வேறு கார்டில் காப்பி செய்தால் பெரும்பாலும் வேலை செய்யாது. ஃபார்மட் செய்தால் மேப் போச்சு. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்தான் வழி.

தேதி பின்னால் போகிறதா?

மேப்பை ஏற்றிய பிறகும் சில பழைய கருவிகள் 2025 தீபாவளியை 2006 மார்ச் என்று காட்டும். ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். ஜி.பி.எஸ் வாரங்களை எண்ணுகிறது, 1,024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படி நடந்தது 2019 ஏப்ரல் 6-ல். அதைப் புரிந்துகொள்ளாத கருவிகள் சுமார் 20 வருடம் பின்னால் போய்விடும். மேப் அப்டேட்டோடு சாஃப்ட்வேர் அப்டேட்டும் இருந்தால் அதையும் செய்துவிடுங்கள்.

மாதக்கணக்கில் அணைத்து வைத்த கருவி, சிக்னல் கிடைக்காமல் திணறும். மரநிழலும் கட்டடமும் இல்லாத வெட்டவெளியில் காரை நிறுத்தி, கால் மணி நேரம் பொறுங்கள். செயற்கைக்கோள்களின் முழு விவரப் பட்டியலை வாங்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும்.

எழுத்துக்கு எழுத்து வம்பு

பழைய கருவியில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். 'திரு' என்பதற்கு ஹெச் உண்டா, இல்லையா? 'ழ'வுக்கு எந்த எழுத்து? இது அரசாங்கத்தையே சுற்றவிட்ட விஷயம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி உத்தரவு போட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடிப் பாருங்கள். கிடைத்ததும் மாவட்டத்தைச் சரிபாருங்கள். கும்பகோணம் பக்கத்துத் திருபுவனம் பட்டுக்குக் கிளம்பி, மதுரை பக்கத்துத் திருப்புவனத்தில் போய் நிற்கக்கூடாது! அடிக்கடி போகும் ஆஸ்பத்திரி, உறவினர் வீடு, பாலம் ஆகியவற்றை அந்தந்த இடத்தில் நின்று 'சேவ்' செய்துவிடுவது இன்னும் நல்லது. பெரியப்பா பட்டியலில் முதலில் இருப்பது தஞ்சாவூர் ஆஸ்பத்திரி.

பெரிய கோயிலில் அறுந்த கயிறு

டெல்டாவை மேப்பில் அடக்குவது இன்றைக்கு நேற்றுப் பிரச்னை இல்லை. 1802-ல் சென்னை பரங்கிமலையில் வில்லியம் லாம்டன், இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் மாபெரும் சர்வேயைத் தொடங்கினார். தூரத்தில் இருக்கும் இடங்களைக் குறிபார்க்க மலையுச்சி வேண்டும். 1808-ல் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தால் மலையே இல்லை. எங்கும் சமவெளி, மறைக்கும் மரங்கள். அதனால் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலில், சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை மேலே இழுத்தபோது, கயிறு கைவிட்டது. கருவி சுவரில் மோதி வளைந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆறு வாரம் போராடி, அதே கருவியைச் சரிசெய்து, மறுபடி அளக்கப் புறப்பட்டார்.

இந்தக் கதையைச் சொன்னதும் பெரியப்பாவுக்கு ஒரே குஷி. "பாத்தியா, அவரே பழசைத் தூக்கிப் போடல!"

போனில் மேப் பார்ப்பவர்களுக்கும்...

இதே கணக்கு மெமரி குறைந்த போனுக்கும் பொருந்தும். கூகுள் மேப்பில் உங்கள் மாவட்டத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைப் பயன்படுத்தும் 'ஆர்கானிக் மேப்ஸ்', 'ஆஸ்மண்ட்' ஆப்களும் நெட் இல்லாமல் வழி சொல்லும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஐப்பசிக்குள் இதை முடித்துவிடுவது நல்லது.

ஆனால், எந்த மேப்பும் எல்லாவற்றையும் சொல்லாது. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். மழையில் ஆற்றுப்படுகைச் சாலை உடைந்திருக்கும். ராத்திரியில், கரையோரத்தில், பெட்டி 'நேராகச் செல்லவும்' என்றாலும் கண்ணுக்குப் பாலம் தெரியாவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் சோதனை ஓட்டம் போனோம். கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் அப்பாயி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலத்தின் குறுக்கே கோடு வந்தது. கார் அதன் மேலேயே போனது. "இப்பதான் சரியாப் போவுது" என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. எங்கள் தெருக்கோடியில் வாய்க்கால் மேல் இருக்கும் சின்னப் பாலம் மேப்பில் இல்லை. "அப்போ வெளியூர் டிரைவர் யாராவது ராத்திரி நம்ம ஊருக்கு வந்தா?" என்றார் பெரியப்பா. அண்ணன் மகள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒரு கணக்கு தொடங்கி, பாலத்தில் நின்று இடத்தைக் குறித்து, அதை வரைந்து சேர்த்தாள். கால் மணி நேர வேலை.

உங்கள் ஊர்ப் பாலம் மேப்பில் இருக்கிறதா? இன்றைக்கே ஒருமுறை பாருங்களேன்.