ஒரே தபால், இரண்டு கம்ப்யூட்டர்!

கூடத்து மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். உங்கள் அறையில் இன்னொன்று. மகள் எழுதிய ஈ-மெயில் முன்னதில் இறங்கிவிட்டது. பின்னதில் தேடினால் காணோம்!

காரணம் 'பாப்' முறை. 1984-ல் வந்தது. பிரதி வைக்க ஏற்பாடு செய்யாவிட்டால், கடிதம் வீட்டுக்கு வந்ததும் தபாலாபீஸில் ஒன்றும் மிஞ்சாது. 'கிளாஸிக் அவுட்லுக்' அத்தனையையும் பி.எஸ்.டி. என்ற ஒரே கோப்பில் சேர்த்துவிடும்.

"அந்தக் கோப்பையே இரண்டுக்கும் பொதுவாக வைத்தால் என்ன?" என்பீர்கள். வேண்டாம் அம்மா! ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதைத் திறக்க முடியும். வீட்டு நெட்வொர்க் வழியாகத் திறந்து, நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பே கெட்டுப்போகலாம். மைக்ரோஸாப்டே இதை ஆதரிப்பதில்லை. பேரன் படங்கள், பத்து வருஷக் கடிதங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன?

மார்க் கிறிஸ்பின் 1986-ல் வகுத்த 'ஐமாப்' முறைக்கு மாறிவிடுங்கள். கடிதங்கள் தபாலாபீஸிலேயே இருக்கும். இரண்டிலும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால், இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். (வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்!)

மாறுவதற்கு முன், அவுட்லுக்கை மூடிவிட்டு, பி.எஸ்.டி. கோப்பைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பிறகு பழைய கடிதங்களை ஐமாப் பெட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதி செய்யுங்கள். தபாலாபீஸில் இடம் போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.