நூல் படித்துத் தூண்டில் வீசிய கதை

மீன் பிடிப்பதற்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். ஆங்கிலத்தில் தூண்டிலைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை மட்டும் அடுக்கினாலே ஒரு வாசிகசாலை நிறைந்துவிடும். அவற்றுள் பெயர்பெற்றது ஐசாக் வால்டன் 1653இல் வெளியிட்ட நூல். வால்டன் லண்டனில் புடவைக்கடை நடத்தியவர். மருதமுனையில் தறிச் சத்தத்தின் நடுவே பிறந்த எனக்கு அந்த ஒரு செய்தியே அவரைச் சொந்தக்காரராக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பொய் ஈயால் மீன் பிடிக்கும் வித்தையில் அவர் அவ்வளவு தேர்ந்தவர் அல்லர். 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பகுதியை எழுதிச் சேர்த்தவர் அவருடைய நண்பர் சார்ள்ஸ் கொட்டன்.

பொய் ஈ என்றேன். அதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் கிட்டங்கிப் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர் முள்ளில் இறாலையோ மண்புழுவையோ குத்தி, ஈயக்குண்டு கட்டி எறிவார். குண்டின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். பொய் ஈயோ முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிச் செய்த வெறும் பூச்சி. அதற்குப் பாரமில்லை. ஆகவே இங்கே எறியப்படுவது ஈ அல்ல, அதன் பின்னால் வரும் பாரமான கயிறு. கயிற்றின் நுனியில் மெல்லிய தங்கூசி, அதன் நுனியில் ஈ. தடியைப் பின்னுக்கு வீசினால் கயிறு முதுகுக்குப் பின்னே விரியும். அது முற்றாக நீண்டு நேராகும் கணத்தில் முன்னுக்கு வீச வேண்டும். முந்தினால் சாட்டைபோல வெடித்து ஈ அறுந்து போகும். பிந்தினால் கயிறு புல்லில் விழும். "பொறு" என்று நூல் சொல்லுகிறது. எவ்வளவு பொறுப்பது என்பதை எந்த நூலும் சொல்லியதில்லை.

நுவரெலியாவுக்கு ஆசிரிய நியமனம் பெற்றுப் போன காலத்தில் இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்தது. ட்ரவுட் நமது நாட்டு மீன் அல்ல. 1880களில் வெள்ளையர்கள் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து அந்தக் குளிர்நீரில் விட்டார்கள். பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே பெருகிற்று. கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த வழிகாட்டி நூல் கிடைத்தது. யாரோ பாவித்துக் கைவிட்ட தடி ஒன்றும் கிடைத்தது. அனுமதிச் சீட்டு எடுத்து, ஒரு மலைக்குளத்தில் இறங்கினேன்.

ஒரு வருடம் ஒரு மீனும் இல்லை. ஆற்றுக்கு எழுதிய அத்தியாயத்தைக் குளத்தில் வைத்துக்கொண்டு நின்றதுதான் முதற் பிழை. ஆற்றில் மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்தில் நிற்கும்; நீரே இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். குளத்தில் இரை தானாக வராது, மீன்தான் அலைந்து தேட வேண்டும். கொசுவைப் போன்ற சிறு பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் நீர்மட்டத்தின் கீழே தொங்கும் அந்தி நேரத்தில் அவற்றைத் தேடி மீன் மேலே வரும். ஆகவே ஈயை அங்கே தொங்கவிட்டு, கயிற்றை விரல்களால் மெல்ல மெல்லச் சுருட்டி உயிர் கொடுக்க வேண்டும். இத்தனையும் விளங்கிய பிறகும் என் ஈக்கள் மூன்று வீச்சில் பிரிந்துபோயின.

2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டையும் தறியையும் கொண்டுபோயிற்று. சில வாரங்களில் வாப்பா என்னிடம் வந்து தங்கினார். அதிகம் பேசமாட்டார். அந்த மாதங்களில் கரையூர்களில் பலரைப் போல அவரும் மீனைத் தொடவில்லை. கைகள் மட்டும் மடியில் கிடந்து எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

ஓர் இரவு நான் ஈ கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நூலைத் தொய்ய விட்டா எப்படி நிக்கும் மனே? இழுவை மாறாமச் சுத்தோணும்" என்று வாங்கிக்கொண்டார். அறுந்த பாவிழைகளை ஐம்பது வருடம் முடிந்த விரல்கள். சேவலின் கழுத்திறகை ஒரே சீராகச் சுற்றி, நூலின் நுனியை நூலுக்குள்ளேயே புகுத்தி இறுக்கினார். என் நூலில் நான்கு படங்களும் இரண்டு பக்கமும் அந்த முடிச்சுக்குத்தான். அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவேயில்லை. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பு ஏலியன் என்ற எழுத்தாளர், மக்கெதோனியர் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். "சாயம் போடத் தெரிஞ்ச ஆக்கள்தான்" என்றார்.

மறுநாள் அந்தியில் வாப்பா கரையில் குந்தியிருந்தார். அவர் கட்டிய ஈ பிரியவில்லை. கயிறு ஒருமுறை தயங்கிற்று. விராலுக்கு இழுப்பதுபோல வெடுக்கென்று இழுக்காமல் தடியை மெல்ல உயர்த்தினேன். வந்தது ஒரு முழத்துக்கும் குறைந்த வானவில் ட்ரவுட்.

"இதுக்காகவா மனே ரெண்டு வருசம் படிச்சாய்?"

உப்பும் மஞ்சளும் தடவிப் பொரித்தேன். கடல்மீன் தின்ற நாக்குக்கு அது சப்பென்றுதான் இருந்தது. வாப்பா தம் பங்கைத் தின்றுவிட்டு, என் தட்டில் கிடந்த வால்பக்கத்தையும் எடுத்துக்கொண்டார்.