சொந்தத்துக்குள் வாங்கிய வாகனம்

"ஓட்டோ ஒண்டு வாங்கப்போறன் மிஸ். வெளியில இல்லை, என்ர மனிசன்ர தம்பியிட்டத்தான்."

மிகுந்த சந்தோசத்தோடுதான் அந்த அக்கா எமது அலுவலகத்துக்கு வந்தார். கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். 2009 இல் கணவரை இழந்தவர். தையல், கோழி வளர்ப்பு, கச்சான் வறுத்து விற்றல் என எத்தனையோ வாழ்வாதார முயற்சிகளைச் செய்து பார்த்தவர். சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்து விட்டார். காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம், பகலில் கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணித் தாய்மாரை ஏற்றலாம் என்பது அவரது கணக்கு. பெண் ஓட்டும் ஓட்டோ என்றால் நம்பி ஏறுவார்கள் என்றும் சொன்னார். அது உண்மைதான்.

விலை எட்டு இலட்சம் ரூபா. சங்கிலியை அடகு வைத்ததும் சீட்டுக் காசுமாக ஐந்து இலட்சம் கையில் இருந்தது. மிகுதி மூன்று இலட்சத்தை மாதாமாதம் கொடுப்பதாகப் பேச்சு. பழைய ஓட்டோவுக்கு இவ்வளவா என்று நீங்கள் நினைக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களுக்கு ஏறிய விலையை நாமெல்லோரும் கண்டோம்.

"புத்தகம் ஆற்ற பேரில அக்கா இருக்கு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சொந்தத்துக்குள்ள என்ன மிஸ் புத்தகம்? கேட்டால் அவன் என்ன நினைப்பான்?"

அவரை நான் குறை சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நானும் 2019 இல் பெரியம்மாவின் மகளிடம் ஒரு பழைய ஸ்கூட்டியை இப்படித்தான் வாங்கினேன். காசைக் கொடுத்தேன். அக்கா உரிமை மாற்றப் படிவத்தில் பெயர், திகதி எதுவும் நிரப்பாமல் கையொப்பம் வைத்துத் தந்துவிட்டுக் கனடா போய்விட்டார். இதைத்தான் 'ஓப்பின் பேப்பர்' என்கிறார்கள். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். நான் பதியப் போனபோது அந்த இலக்கம் ஏற்கனவே பதியப்பட்டிருந்தது. இங்கிருந்த அத்தான்தான் பதிந்திருந்தார். "புத்தகத்தில எங்கட பேர்தானே கிடக்கு" என்றார். ஸ்கூட்டி என் வீட்டு முற்றத்தில் நின்றது, பெற்றோல் அவருடைய வாகனத்துக்குப் போனது. நான் சைக்கிளில் கள வேலைக்குப் போனேன்.

என்னுடையது நாலு லீற்றர் பெற்றோலோடு போயிற்று. மட்டக்களப்பின் படுவான்கரையில் நான் சந்தித்த தாய் ஒருவருக்கு வயல் சீவியமே போனது. அவரது கணவர் இரண்டு போக நெற்காசைக் கொடுத்துத் தன் சொந்த அண்ணனிடம் லான்ட்மாஸ்டர் ஒன்றை வாங்கியிருந்தார். புத்தகம் மாற்றவில்லை. 2007 இல் கணவர் காணாமற்போனார். சில மாதங்களின் பின் அண்ணன் வந்து அதை எடுத்துச் சென்றார். பொலிசில் முறையிட்டபோது முதலில் கேட்டது புத்தகத்தைத்தான். காசு கொடுத்ததற்குத் துண்டுக் கடதாசிகூட இல்லை. கொடுத்தவரும் இல்லை. இன்றுவரை கூலிக்கு உழுவித்துத்தான் வயல் செய்கிறார். அந்த அண்ணன் கெட்டவர் என்று ஊரில் எவரும் சொல்வதில்லை, கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவராம்.

இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் கிளிநொச்சி அக்கா புத்தகத்தின் பிரதியை வாங்கி வந்தார். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. அப்படியென்றால் லீசிங் முடியவில்லை என்று அர்த்தம். கட்டுப்பணம் தவறினால் நிறுவனம் ஓட்டோவைத் தூக்கிச் செல்லும், யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்று பார்க்காது. தம்பியாரிடம் கேட்டபோது பதினொரு கட்டுப்பணம் பாக்கி என்றார். அண்ணி தரும் காசில் கட்டி முடிக்கலாம் என்றிருந்தாராம். நான் அதை நம்புகிறேன். ஆனால் மகனின் சத்திரசிகிச்சைக் கடனும் அவருக்கு இருந்தது. ஐந்து இலட்சம் கையில் வந்தால் அது எந்தப் பக்கம் போயிருக்கும்?

கேட்பதுதான் கஷ்டம். சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடும். இரண்டு நாள் யோசித்துவிட்டு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். "தம்பி, நான் எங்கையாவது கொண்டுபோய் இடிச்சுப்போட்டன் எண்டால் பொலிஸ் உன்ர வாசலுக்குத்தான் வரும். நான் உன்னைக் கோட்டுக்கு அலைக்கழிக்க விரும்பேல்லை" என்றார். இது வெறும் சாட்டல்ல. பதிவில் யார் பெயர் உண்டோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். விற்றவருக்கும் இது பாதுகாப்புத்தான்.

தம்பியார் சம்மதித்தார். மூவருமாக நிதி நிறுவனக் கிளைக்குப் போனோம். ஐந்து இலட்சத்திலிருந்து பாக்கியை அக்காவே நேரடியாகக் கட்டிப் பற்றுச்சீட்டும் விடுவிப்புக் கடிதமும் பெற்றார். எஞ்சியதைத் தம்பியாரிடம் கொடுத்தார். மூன்று இலட்சத்துக்கு ஒரு உடன்படிக்கை எழுதி, இரு சாட்சிகளோடு ஒப்பமிட்டார்கள். ஒவ்வொரு மாதக் காசுக்கும் கொப்பி ஒன்றில் தம்பியார் கையொப்பம் வைக்கிறார். கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிந்தினால் தண்டப்பணம். படிவத்தை அன்றைக்கே வெற்றிடமில்லாமல் நிரப்பினோம். புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளவைதானா என்று டோர்ச் அடித்துப் பார்த்தோம். பிரதேச செயலகத்தில் எடுக்கும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தில் ஒரு வருட நிலுவை இருந்தது. அதை விலையில் கழித்தார்கள். பிறேக் தேய்ந்திருப்பதை எமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சொன்னார். தம்பியாரின் மெக்கானிக்கிடம் போகவில்லை.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். தம்பியாரின் மனைவி கோபித்துக்கொண்டார். "எங்களை நம்பேல்லையோ?" என்று கேட்டுவிட்டு ஒன்றரை மாதம் கதைக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குச் சேர்ந்து போகும் குடும்பம் இம்முறை தனித்தனியாகப் போனது. அக்கா அழுதார். ஆனால் படிவத்தைத் திரும்ப வாங்கவில்லை.

புத்தகம் அக்காவின் பெயரில் கைக்கு வந்த கிழமை, மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அந்த மச்சாள்தான் முதலில் தொலைபேசி எடுத்தாராம். போகும்போதும் வரும்போதும் ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும்போது ஓட்டக் கூலியை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. சீற்றில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் பெரியம்மாவின் மகள் அடுத்த மாதம் கனடாவிலிருந்து வருகிறார். மேசை லாச்சியில் கிடக்கும் படிவம் மஞ்சளாகிவிட்டது. புதிய படிவம் எடுத்து வைத்திருக்கிறேன்.