பெயர் இல்லாத சடலமும் சடலம் இல்லாத பெயரும்

மண்டைக்காடு கடற்கரையில் ஒரு சடலம் ஒதுங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். சடலம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும். ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம், வயது சுமார் 40’ என்று மறுநாள் நாளிதழின் மூலையில் மூன்று வரி வரும். யாரும் தேடி வராவிட்டால் புதைத்துவிடுவார்கள்.

அதே வாரத்தில், வேறொரு காவல் நிலையத்தில், கணவரைக் காணவில்லை என்று ஒரு பெண் மனு கொடுத்திருக்கலாம். இங்கே பெயர் இல்லாத ஒரு சடலம். அங்கே சடலம் இல்லாத ஒரு பெயர். இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால், அந்தப் பெண் ஆயுள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செங்கல் சூளை, கட்டட வேலை, ரப்பர் தோட்டம் என்று களியக்காவிளை தாண்டிக் கூலிக்குப் போகும் தலித் குடும்பங்களுக்கு இந்தக் கவலை கூடுதல். ‘எங்காவது வேலைக்குப் போயிருப்பான், வந்துவிடுவான்’ என்ற ஒரே பதிலில் புகாரை முடித்துவிட முடிகிறது. அந்தப் பதிலை ஏற்க மறுத்த ஒரு பெண்ணால்தான் தமிழ்நாட்டின் முக்கியமான காவல் மரண வழக்குகளில் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது.

மாவட்ட எல்லையில் தொலைந்த பெயர்

1993 மார்ச். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த முதனை கிராமம். பட்டியல் சாதியில் வரும் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணுவை, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்தார் பிடித்துச் சென்றனர். பிறகு, அவர் தப்பி ஓடிவிட்டார் என்றனர். காவல் நிலையத்தில் அவர் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்த மனைவி அதை நம்பவில்லை.

ஊரில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். வழக்கு அன்றைய வழக்கறிஞர் கே.சந்துருவிடம் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. ‘தப்பியவரை’ தேடிய இவர்களின் பாதை, பக்கத்து மாவட்டத்தின் அடையாளம் தெரியாத சடலத்தில் போய் முடிந்தது. அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த மீன்சுருட்டி காவல் நிலைய எல்லையில், காயங்களுடன் ஓர் ஆண் சடலம் கிடைத்திருந்தது. அதன் புகைப்படம் ராஜாகண்ணுவுடையது என்று குடும்பம் அடையாளம் சொன்னது. ஒரு மாவட்ட எல்லையைத் தாண்டியதுமே ஒரு மனிதரின் பெயர் காணாமல் போயிருந்தது.

வழக்கு முடிய 2006 ஆனது. காவல் மரணம் என்பது உறுதியாகி, காவலர்கள் தண்டனை பெற்றனர். 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ படம் இந்த வழக்கைத் தழுவியது. படத்தில் குடும்பம் இருளர் சமூகமாகக் காட்டப்பட்டது. படம் பார்த்தவர்கள் வழக்கறிஞரின் வாதத்தை நினைவில் வைத்திருப்பார்கள். வாதத்துக்கு வலு சேர்த்தது, படிப்பறிவில்லாத ஒரு பெண்ணும் ஊர்க்காரர்களும் விடாமல் தேடிய தேடல் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பக்கத்து மாநிலத்தின் தந்தை

ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை நேரடியாக விசாரிக்கும் வழக்கம் அரிது. அதற்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்டது கேரளத்தின் ராஜன் வழக்கு. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று போலீஸார் பிடித்துச் சென்றனர். அவரது தந்தை ஈச்சர வாரியர் சட்டம் படித்தவர் அல்ல, இந்திப் பேராசிரியர். கக்கயம் முகாம் வரை மகனைத் தேடிப் போனார். மனு மேல் மனு எழுதினார். நெருக்கடி நிலை முடிந்ததும், 1977-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முதல்வர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ஆனால், ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. 2006-ல் வாரியர் இறக்கும்வரை அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

ராஜாகண்ணு குடும்பத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு புகைப்படம் கிடைத்தது. வாரியருக்கு அதுவும் இல்லை. எங்கோ ஒரு கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு படம் எவ்வளவு பெரியது என்பது இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் புரியும்.

ஒக்கியின்போது முடிந்தது

எல்லை தாண்டிய சடலங்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பது முடியாத காரியமா? நம் கடற்கரையே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, நம் மீனவர்களின் உடல்கள் கேரளத்தின் கடற்கரை நெடுகிலும் மீட்கப்பட்டன. முகம் சிதைந்த உடல்களுக்கு டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. உறவினர்களின் ரத்த மாதிரியுடன் ஒப்பிட்டு உடல்கள் ஒப்படைக்கப்பட்டன. இரண்டு மாநில அரசுகளும் பேசிக்கொண்டன. மக்கள் சாலைக்கு வந்து போராடியதால் பேச வேண்டியிருந்தது. தனியாகக் காணாமல் போகும் ஒரு கூலித் தொழிலாளிக்காகச் சாலைக்கு வர யாரும் இல்லை என்பதுதான் வேறுபாடு.

குடும்பம் செய்யக்கூடியவை

சந்தேகத்துக்குரிய மரணங்களுக்குக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174-வது பிரிவில் கோப்பு தொடங்கும். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தின் 194-வது பிரிவு. காணாமல் போன நாளை வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த சில வாரங்களில் சுற்றியுள்ள நிலையங்களில் தொடங்கப்பட்ட இத்தகைய கோப்புகளைக் கேட்க வேண்டும். மண்டைக்காட்டுக்காரர்கள் குளச்சல், மணவாளக்குறிச்சியுடன் நிறுத்தாமல் பாறசாலை, பொழியூர் வரை கேட்பது நல்லது.

தகவல் உரிமைச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. 20 ஆண்டுகளுக்கு முந்தைய சம்பவம் என்றால், தகவல் மறுக்கச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை செல்லாது. ‘விசாரணை பாதிக்கப்படும்’ என்ற காரணமும் அதில் அடக்கம். கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால், எந்த ஆணைப்படி, எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது என்று அடுத்த மனு போடலாம்.

காவல் நிலையத்தில் இல்லாதது வேறிடத்தில் இருக்கலாம். மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனைப் பதிவேடு, உள்ளாட்சியின் அடக்கப் பதிவேடு, நூலகத்தில் இருக்கும் பழைய நாளிதழ்க் கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குழியைத் தோண்டியவரின் நினைவு இருக்கிறது. யாரும் தொட மறுக்கும் சடலங்களை அடக்கம் செய்யும் வேலை பெரும்பாலும் தலித் தொழிலாளர்களின் தலையில்தான் விழுகிறது. எந்த மரத்தடியில், என்ன நிறச் சட்டையோடு புதைத்தோம் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் அவர்களிடம் மட்டும் இருக்கலாம். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. தடயம் கிடைத்தது என்று யாரும் தாங்களாகத் தோண்டக் கூடாது. அது சாட்சியத்தைக் கெடுக்கும். தோண்டி எடுக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். பல்லிலிருந்தும் தொடை எலும்பிலிருந்தும் பல்லாண்டுகள் கழித்தும் டி.என்.ஏ. எடுக்க வாய்ப்பு உண்டு. ஒப்பிட மகனோ மகளோ உடன்பிறந்தவரோ இருந்தால் போதும்.

அரசு செய்ய வேண்டியது

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத சடலங்களையும் தேடும் வசதி இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் பழைய கோப்புகளையும் அதில் ஏற்ற வேண்டும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டக் காவல்துறையினர் தங்கள் பட்டியல்களை ஒன்றாக வைத்து ஒப்பிட வேண்டும். காணாமல் போனவரின் மரணம் சட்டப்படி அனுமானிக்கப்பட 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை, வாரிசுச் சான்றிதழ் இல்லை, பட்டா மாற்றம் இல்லை, விதவை உதவித்தொகையும் இல்லை. இந்தக் குடும்பங்கள் துக்கத்தோடு சேர்த்து இத்தனையையும் சுமக்கின்றன. இரண்டு பட்டியல்களை ஒரு மேசையில் வைத்தால் இதில் பாதி குறையும்.