பெற்றோரின் கடனும் பிள்ளைகளின் கடனும்

கும்பகோணத்திலிருந்து குடவாசல் செல்லும் வழியில் உள்ளது திருச்சேறை. அங்குள்ள சாரபரமேசுவரர் ஆலயத்தில் ருணவிமோசன லிங்கேசுவரர் அருள்பாலிக்கிறார். தொடர்ந்து 11 திங்கட்கிழமைகள் அர்ச்சனை செய்து வழிபட்டால் கடன் சுமை நீங்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பிள்ளைகளிடம் சொல்லக் கூசும் கணக்கை ஈசனிடம் மட்டும் சொல்லிவிட்டு இல்லம் திரும்பும் முதியோர் பலர் உண்டு.

மகளின் திருமணம், மனைவியின் மருத்துவம், வீட்டுப் பழுது என நியாயமான தேவைகளுக்காக வாங்கிய கடன்களே பெரும்பாலும் முதுமையில் சுமையாகின்றன. மாதம் மூன்று வட்டிக்கு 1 லட்சம் ரூபாய் வாங்கியவர் ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி செலுத்துகிறார். அசலில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. சிறிய ஓய்வூதியம் அதற்கே போதாதபோது, வட்டி கட்ட மற்றொரு கடன் வாங்க நேர்கிறது. மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ளும் நிலையும் வந்துவிடுகிறது.

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். ஆற்றவேண்டிய கடமையையும் குறிக்கும். தந்தையின் கடனைத் தீர்ப்பது மைந்தனின் புனிதக் கடமை என்றது தர்மசாஸ்திரம். சூது, மது போன்றவற்றுக்காகப் பட்ட கடனுக்கு அது விலக்களித்தது. நீதிமன்றங்களும் இக்கோட்பாட்டை நெடுங்காலம் ஏற்றிருந்தன. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் அதனை மாற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்த பின் வாங்கப்பட்ட கடனுக்காக, அக்கடமை ஒன்றையே காரணம் காட்டி மகன் மீது எவரும் வழக்குத் தொடுக்க இயலாது. தந்தையின் காலத்திற்குப் பிறகும், வாரிசுகள் தமக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர். சட்டத்தின் கட்டாயம் நீங்கினாலும் பெற்றோருக்குத் துணைநிற்கும் கடமை நீங்குவதில்லை.

அக்கடமையின் முதற்படி, கடிந்துகொள்ளாமல் கேட்பது. யாரிடம் எவ்வளவு, வட்டி என்ன, அடகு வைத்த பொருள் எது என்பவற்றைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். உணவு, மருந்து, வாடகை ஆகியவற்றுக்குரிய தொகையை முதலில் ஒதுக்கி, எஞ்சியதைக் கொண்டு மிகுந்த வட்டியுள்ள கடனை முதலில் அடைக்க வேண்டும். வங்கி நகைக்கடனுக்கு வட்டி வெகு குறைவு. அதனைப் பெற்று மூன்று வட்டிக் கடனை முடிப்பது பயனளிக்கும். ஆயினும் உரிய காலத்தில் நகையை மீட்க வழியிருந்தால் மட்டுமே அதில் இறங்கலாம்.

முதியோருக்குச் சட்டத்தின் அரண்களும் உண்டு. அரசு ஓய்வூதியத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிப்பதில்லை. வங்கியின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகாருக்கு 30 நாட்களுக்குள் வங்கி பதிலளிக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகத் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டின் சட்டம் உள்ளது. கடன் பட்டவர் தாயார் எனில், வருமானம் எதுவாயினும் பெண் என்ற முறையில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறும் உரிமை அவருக்குண்டு.

பாசத்தின் மிகுதியால் பிள்ளைகள் புதிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவது ஆபத்தானது. கடன் பெற்றவருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரரையும் சாரும். இருவர் குடும்பமும் ஒருசேரத் தத்தளிக்க நேரிடும். வங்கி தொகையைக் குறைத்துக் கணக்கை முடிக்க இசைந்தால், அதனை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் செலுத்த வேண்டும். கடன் முற்றும் தீர்ந்தபின் 30 நாட்களுக்குள் சொத்துப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. கணக்கைப் பிள்ளைகள் சீர்செய்தாலும், மாதத் தவணையை முதியவர் தம் கையாலேயே செலுத்தட்டும். வாழ்நாளெல்லாம் குடும்பத்தைத் தாங்கியவருக்குத் தம் கடனைத் தாமே தீர்த்தோம் என்ற நிறைவு, மருந்தைப் போலவே இன்றியமையாதது.